பாசுரம் நிற்கிறது, மாத்திரை மறக்கிறது: முதுமையும் நினைவுப் பயிற்சியும்

மார்கழி முப்பது நாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் விடியுமுன்பே திருப்பாவை ஒலிக்கத் தொடங்கிவிடும். ஆண்டாள் பிறந்த மண் என்பதால் இங்கே அது கோயில் மதிலுக்குள் மட்டும் இருப்பதில்லை. பள்ளிக்கூடப் படியை மிதிக்காத எழுபது வயதுப் பெண்களிலும் முப்பது பாட்டையும் வரிசை பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் உண்டு. அதே பெண்ணிடம் மருமகள் வந்து, “அத்தே, காலையில பிரசர் மாத்திர போட்டீகளா?” என்று கேட்டால் பதில் தடுமாறும். போட்டது நேற்றா, இன்றா?

ஐம்பது ஆண்டாகப் பாசுரத்தைப் பிடித்து வைத்திருக்கும் மூளைக்கு மேலும் பயிற்சி கொடுத்தால், மாத்திரையையும் அது பிடித்து வைத்துக்கொள்ளுமா? முதுமையில் நினைவாற்றலைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. நாளிதழின் குறுக்கெழுத்திலிருந்து கைப்பேசிச் செயலிவரை எல்லாவற்றையும் தாங்கி நிற்பது அந்த நம்பிக்கைதான். அதற்கு ஆதாரம் எவ்வளவு, அந்த ஆதாரம் நம் ஊர்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

களம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கூமாபட்டியை ஒட்டியது கான்சாபுரம். மதுரையை ஆண்டு 1764-இல் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் என்ற கான்சாகிபுவோடு ஊரின் பெயரை இணைத்துச் சொல்வது வழக்கம். பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி விவசாயம் நடக்கும் பகுதி இது. 2025-இல் இன்ஸ்டாகிராம் காணொளிகளால் கூமாபட்டி திடீரென்று புகழடைந்தபோது வெளியூர்க்காரர்கள் பார்த்தது வயலையும் தென்னையையும் மலையையும். வயல்வேலை பார்த்துப் பார்த்து வயதானவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை.

அவர்களுடைய எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. 2021-க்கான மதிப்பீடு 13.6, 2031-க்கான கணிப்பு 18.2. பிள்ளைகள் ராஜபாளையத்து மில்லுக்கும் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, மலையடிவார ஊர்களில் இந்த விகிதம் கண்ணுக்கே தெரிகிறது.

இவர்களுடைய நினைவு முழுவதும் தேய்ந்துவிடவில்லை. எந்தக் கண்மாய் நிரம்பினால் எதற்குத் தண்ணீர் மறுகால் பாயும், எந்த நிலம் யார் கை மாறி யாரிடம் வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். நீண்ட நாள் திரட்டிய அறிவு முதுமையிலும் நிலைத்திருப்பதும், புதிய செய்தியை உடனே பற்றிக்கொள்ளும் திறனும் வேகமும் குறைவதும் உளவியலாளர்கள் வெகுகாலமாக அறிந்தவை. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் ஸ்பானிய மொழி படித்த 733 பேரைச் சோதித்தார். முதல் சில ஆண்டுகளில் நிறைய மறந்துபோனது. அதைத் தாண்டி எஞ்சியது, பயன்படுத்தாமலேயே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. திருப்பாவை அந்த வகை. மாத்திரை வேறு வகை. நேற்றும் போட்டது, முந்தாநாளும் போட்டது. இன்றைய நிகழ்வைத் தனியே பிரித்தறியத்தான் நினைவு உழைக்க வேண்டியிருக்கிறது.

அவதானியும் அரையரும்

பயிற்சியால் நினைவு எவ்வளவு வளரும் என்பதற்குத் தமிழகத்துக்கு வெளியே சான்று தேடவேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். ஈற்றடி கொடுத்தால் வெண்பா, கணக்குக் கேட்டால் விடை, ஒலிக்கும் மணியின் எண்ணிக்கை என்று பல செயல்களில் ஒரே சமயத்தில் கவனத்தைப் பங்கிட்டு வைக்கும் கலை அது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அந்த வயதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏனென்றால் நினைவு வித்தைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இளைஞர்களைப் பற்றியவை. அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் எரிக்ஸனும் வில்லியம் சேஸும் ஒரு மாணவருக்கு எண்வரிசைகளை நினைவில் வைக்கப் பயிற்சி கொடுத்தார்கள். தொடங்கியபோது ஏழு இலக்கம். இருபது மாதத்தில், ஏறத்தாழ 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு, எழுபத்தொன்பது இலக்கம். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாகக் கட்டிக்கட்டி நினைவில் அடுக்கினார். 1980-இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது எழுபத்தொன்பதைவிட முக்கியமானதாக இருந்தது இன்னொரு எண். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் அவர் ஆறில் நின்றுவிட்டார். அத்தனை உழைப்பில் வளர்ந்தது நினைவாற்றல் என்ற பொதுச்சொத்து அன்று. எண்ணைக் கையாளும் ஒரு தனித்திறன்.

வேதம் ஓதுவோரின் மூளையைப் பற்றிய ஆய்வு தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகிறது. ஜேம்ஸ் ஹார்ட்ஸெலும் குழுவினரும் 2016-இல் வெளியிட்டது அது. சிறு வயதிலிருந்து மனப்பாடப் பயிற்சி பெற்ற 21 பண்டிதர்களின் மூளையை, அந்தப் பயிற்சி இல்லாத 21 பேரின் மூளையோடு ஒப்பிட்டார்கள். மொழி, நினைவு தொடர்பான சில பகுதிகள் பண்டிதர்களிடம் பெரிதாக இருந்தன. ஆய்வு சொன்னது இவ்வளவுதான். பங்கேற்றவர்கள் இளைஞர்கள், பயிற்சி தொடங்குவதற்கு முன் அவர்கள் மூளை எப்படி இருந்தது என்ற அளவீடு கிடையாது, மறதிநோய் அவர்களை அண்டாது என்று ஆய்வாளர்கள் எங்கும் முடிவு கட்டவில்லை. வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொண்டது மீதிக் கதை.

முதியவர்களை நேராகச் சோதித்தது பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வு. பால் பால்டஸும் ரைன்ஹோல்ட் கிளீக்லும் முதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரே உத்தியைக் கற்றுக்கொடுத்தார்கள்: பழகிய இடங்களை வரிசையாக மனத்தில் நிறுத்தி, ஒவ்வோரிடத்திலும் ஒரு சொல்லை வைப்பது. ஓராண்டுக்கு மேல் 38 அமர்வுகள். முதியவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் இளைஞர்கள் அதைவிட முன்னேறினார்கள். பயிற்சிக்குப் பின் இரு சாராருக்கும் இடையே இடைவெளி குறையவில்லை, கூடிவிட்டது. கற்கும் திறன் முதுமையில் இருக்கிறது, அதற்கு எல்லையும் இருக்கிறது என்ற இரண்டு உண்மைகளையும் 1992-இல் வெளிவந்த இந்த ஆய்வு ஒருசேர நிறுவியது.

அப்படியானால் முதிய அரையர் எப்படிச் சேவிக்கிறார்? ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களைப் போலவே ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரையர் சேவை பரம்பரையாக நடந்துவருகிறது. குல்லாய் அணிந்து, தாளம் கையிலேந்தி, பாசுரத்தை இசையோடும் அபிநயத்தோடும் விளக்கத்தோடும் வழங்கும் மரபு. இங்கே நினைவு தனியாக நிற்பதில்லை. எந்தப் பாசுரம் எந்த நாளில் என்று திருவிழா நாட்காட்டி சொல்லிவிடுகிறது. அடுத்த அடியை இசை இழுத்து வருகிறது. கை அசைவு பொருளைக் கொண்டுவருகிறது. தவறினால் எடுத்துக்கொடுக்கக் கோஷ்டி இருக்கிறது. ஃபெர்கஸ் கிரெய்க் என்ற உளவியலாளர் 1980-களில் வைத்த கருத்தும் இதையே ஒத்தது. துணைக்குறிப்பு ஏதுமின்றித் தானாக நினைவுகூரச் சொன்னால் முதியவர்கள் தடுமாறுவார்கள். சூழலே குறிப்புகளைத் தந்தால் இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடும். பயிற்சி பற்றிய பேச்சில் எல்லாரும் மூளையைப் பார்க்கிறார்கள். மூளைக்கு வெளியே எவ்வளவு நினைவு கிடக்கிறது என்பதை அரையர் சேவை காட்டுகிறது.

ஆக்டிவ் ஆய்வு சொன்னதும் சொல்லாததும்

முதியோர் மூளைப் பயிற்சி பற்றி இதுவரை நடந்தவற்றுள் பெரிதும் நீண்டதும் அமெரிக்காவின் ‘ஆக்டிவ்’ ஆய்வு. 65 முதல் 94 வயதுவரையான 2,832 பேர். சராசரி வயது 73.6. குலுக்கல் முறையில் நான்கு பிரிவு. ஒன்றுக்கு நினைவுப் பயிற்சி: சொற்பட்டியலையும் கதையையும் நினைவில் வைக்கும் உத்திகள். இரண்டாவதற்குத் தர்க்கப் பயிற்சி: வரிசையில் அடுத்து வருவதைக் கண்டுபிடித்தல். மூன்றாவதற்கு வேகப் பயிற்சி: கணினித் திரையில் நொடிப்பொழுது தோன்றி மறையும் படத்தை அடையாளம் கண்டு, அதே கணத்தில் ஓரத்தில் தோன்றியது எங்கே என்றும் சொல்வது. நான்காவது பிரிவுக்கு எதுவும் இல்லை. பயிற்சி பெற்றவர்களுக்கு ஐந்தாறு வாரத்தில் பத்து அமர்வு. அவர்களில் சிலருக்குப் பதினொன்றாம் மாதத்திலும் முப்பத்தைந்தாம் மாதத்திலும் மீள்பயிற்சி.

2002-இல் முதல் முடிவு வந்தது. வேகப் பயிற்சி பெற்றவர்களில் 87 விழுக்காட்டினர், தர்க்கப் பயிற்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் தத்தம் துறையில் உடனடியாக முன்னேறியிருந்தார்கள். நினைவுப் பயிற்சியில் 26 விழுக்காட்டினர் மட்டுமே. ஒருவகைப் பயிற்சி மற்ற வகைக்குப் பரவவில்லை. சமையல், மருந்து, பணக்கணக்கு போன்ற அன்றாட வேலைகளில் இரண்டாண்டுவரை எந்தப் பிரிவிலும் வேறுபாடு தெரியவில்லை.

பத்தாண்டு கழித்து, 2014-இல், படம் கொஞ்சம் மாறியது. தர்க்க, வேகப் பயிற்சிகளின் தடம் அப்போதும் சோதனைகளில் தெரிந்தது. நினைவுப் பயிற்சியின் தடம் அழிந்திருந்தது. பயிற்சி பெற்ற மூன்று பிரிவினரும் அன்றாட வேலைகளில் தமக்குச் சிரமம் குறைவு என்று சொன்னார்கள். அவர்களே சொன்னது அது. நேரில் வேலை செய்யச் சொல்லி அளந்தபோது அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. 2017-இல் வந்த பகுப்பாய்வு, வேகப் பயிற்சி பெற்றவர்களுக்கு மறதிநோய் வரும் அபாயம் 29 விழுக்காடு குறைவு என்றது. மறதிநோயை மருத்துவர் நேரில் கண்டறியாமல் தேர்வு மதிப்பெண்களையும் பதில்களையும் வைத்துத் தீர்மானித்தார்கள் என்ற விமர்சனம் உடனே எழுந்தது. 2026 பிப்ரவரியில் வெளியான இருபதாண்டுத் தொடர்ச்சி, மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு பார்த்தது. வேகப் பயிற்சியோடு மீள்பயிற்சியும் பெற்றவர்களிடம் மட்டும் மறதிநோய்க் கண்டறிதல் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்திருந்தது. மீள்பயிற்சி பெறாதவர்களிடமோ மற்ற இரு பயிற்சிப் பிரிவுகளிலோ அந்தப் பயன் இல்லை.

இதை எப்படிப் படிப்பது? ‘மூளைப் பயிற்சி மறதிநோயைத் தடுக்கும்’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். பலன் தந்தது ஒரே ஒரு வகைப் பயிற்சி. நினைவுக்கென்றே வடிவமைத்த பயிற்சி நினைவையும் நீடித்துக் காக்கவில்லை, நோயையும் தள்ளவில்லை. மறுபுறம், எதுவுமே பலிக்காது என்ற ஏளனமும் இந்த ஆய்வின் முன் நிற்காது. ஒப்பீட்டுப் பிரிவை யாரும் கூட்டி உட்காரவைக்கவில்லை. ஆகவே பலன் பயிற்சியாலா, கூடிப் பழகியதாலா என்ற ஐயம் நியாயமானது. ஆனால் நினைவுப் பிரிவினரும் அதே அளவு கூடித்தான் பழகினார்கள். கூட்டம் மட்டும் காரணமாயிருந்தால் அவர்களுக்கும் பலித்திருக்க வேண்டும். வேகத்தில் ஏதோ இருக்கிறது என்றே தோன்றுகிறது. அது என்ன என்பதற்கு இன்னும் தெளிவான விளக்கம் இல்லை.

பின்லாந்தின் ‘ஃபிங்கர்’ ஆய்விலும் இதன் சாயல் உண்டு. 60 முதல் 77 வயதுவரையான 1,260 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாண்டு உணவு ஆலோசனை, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2015-இல் வந்த முடிவின்படி அறிதிறன் மதிப்பெண்ணின் முன்னேற்றம் பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதல். வேகத்திலும் திட்டமிடும் திறனிலும் வேறுபாடு பெரிது. நினைவு என்ற உட்பிரிவில் மட்டும் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

சந்தை

ஆய்வு தயங்கிய இடத்தில் வியாபாரம் தயங்கவில்லை. ‘லூமாசிட்டி’ என்ற மூளைப் பயிற்சிச் செயலியை நடத்திய நிறுவனம், முதுமைத் தேய்வைத் தள்ளிப்போடலாம் என்ற பொருள்பட விளம்பரம் செய்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 2016-இல் நிறுவனம் இருபது லட்சம் டாலர் செலுத்தித் தீர்த்துக்கொண்டது. அதற்கு முன்பே, 2010-இல், பிபிசியோடு சேர்ந்து ஏட்ரியன் ஓவன் நடத்திய ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் இணையத்தில் பயின்றார்கள். பயின்ற விளையாட்டில் தேறினார்கள், பயிலாத சோதனைகளில் தேறவில்லை. சுடோகு போடுகிறவர் சுடோகுவில் கெட்டிக்காரர் ஆகிறார். அதில் கிடைக்கும் இன்பத்துக்காகப் போடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

அளவுகோலின் கோணல்

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை படித்தவர்களிடையே, செல்வ நாடுகளில் நடந்தவை. கான்சாபுரம் போன்ற ஊருக்கு வரும்போது அதற்கும் முந்திய சிக்கல் ஒன்று எழுகிறது. இங்கே யாருக்கு மறதிநோய் என்று எப்படித் தெரியும்?

10/66 ஆய்வுக் குழு சென்னை நகரத்திலும் வேலூர்க் கிராமங்களிலும் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களைக் கணக்கெடுத்தது. பல நாடுகளின் முடிவுகளோடு 2008-இல் அது லான்செட் இதழில் வந்தது. அமெரிக்க உளமருத்துவ வரையறையை வைத்துப் பார்த்தால் கிராமப்புற இந்தியாவில் மறதிநோய் 0.3 விழுக்காடுதான். கியூபாவில் 6.3. நம் கிராமத்து முதியவர்கள் நோயே அறியாதவர்கள் என்று மகிழ்வதற்கு முன் இரண்டாவது அளவைப் பார்க்க வேண்டும். எழுத்தறிவில்லாதவர்களுக்கும் பொருந்தும்படி அந்தக் குழு தானே வடிவமைத்த அளவுகோலில் எல்லா நாடுகளின் விகிதங்களும் நெருங்கி வந்தன. மிகக் குறைவு 5.6; மிக அதிகம் 11.7. நோயில் அவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. நோயைப் பார்க்கும் கண்ணில்தான் இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. முதல் வரையறைப்படி நோயாளியின் அன்றாட வாழ்க்கை குலைந்திருக்க வேண்டும். அதை வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எழுபது வயதானவரிடம் கணக்கு வழக்கை யாரும் கொடுப்பதில்லை. சந்தைக்கு மகன் போகிறான், சமையலை மருமகள் பார்க்கிறாள். செய்ய வேண்டிய வேலையே இல்லாதபோது அது கெட்டுப்போனது எப்படித் தெரியும்? “வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்” என்ற ஒரு வாக்கியத்தில் வீடு அதைத் தாங்கிக்கொள்கிறது. இது மரியாதையும்தான், மறைப்பும்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே ஒரு கணக்கெடுப்பு நடந்ததுண்டு. சென்னையை அடுத்த திருப்போரூரில் ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் 750 முதியவர்களைப் பார்த்து 1997-இல் வெளியிட்ட விகிதம் 3.5. நாடு தழுவிய ‘லாசி-டாட்’ ஆய்வு 2023-இல் தந்த மதிப்பீடு, அறுபதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காடு, அதாவது 88 லட்சம் பேர். பெண்களிடமும் கிராமங்களிலும் கல்வி வாய்ப்புக் கிடைக்காதவர்களிடமும் அது கூடுதல்.

சோதனைத் தாள் பற்றியும் ஒரு சொல். உலகெங்கும் புழங்கிய முப்பது மதிப்பெண் தேர்வில் ‘ஒரு வாக்கியம் எழுதுங்கள்’, ‘இதைப் படித்து அதன்படி செய்யுங்கள்’ என்றெல்லாம் இருந்தது. 1990-களில் ஹரியானாவின் பல்லப்கரில் ஆய்வு நடத்திய மேரி கங்குலியின் குழு, எழுதச் சொல்வதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னது. படிக்கச் சொல்வதற்குப் பதில் ‘நான் செய்வதுபோலச் செய்யுங்கள்’ என்றது. அந்த மாற்றம் இல்லாமல் கான்சாபுரத்தில் ஒரு வயற்காட்டுப் பெண்ணைச் சோதித்தால், அளக்கப்படுவது அவருடைய மூளையாக இராது. 1950-களில் அவருக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டு மொழியும் முதல் எழுத்தும்

பயிற்சி என்று பெயரிடாமலே வாழ்க்கை முழுதும் நடக்கும் பயிற்சிகள் உண்டு. ராஜபாளையத்து ராஜுக்களின் வீட்டுமொழி தெலுங்கு. சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். இத்தகையவர்களைப் பற்றியதே சுவர்ணா அல்லாடி ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் நடத்திய ஆய்வு. மறதிநோயோடு வந்த 648 பேரில் ஒருமொழிக்காரர்களுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 61.1, இரண்டு அல்லது கூடுதல் மொழி பேசியவர்களுக்கு 65.6. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. 2013-இல் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. முந்தைய ஆய்வுகளில் இருமொழியாளர் என்றால் பெரும்பாலும் புலம்பெயர்ந்தோர். ஹைதராபாத்தில் மண்ணின் மக்களே இருமொழியாளர்.

ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து ஊர் முழுமைக்கும் முடிவு சொல்வதில் ஆபத்து இருக்கிறது. நோய் வருமுன்பே மக்களைத் தேர்ந்து பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளை 2017-இல் நஹீத் முகதமும் சகாக்களும் தொகுத்துப் பார்த்தபோது, இருமொழியால் நோய் குறைவதாகத் தெரியவில்லை. இருமொழி ஒரு கேடயம் என்று உறுதிகூற இப்போதைக்கு இடமில்லை.

எழுத்தறிவின் கதை இன்னும் சுவையானது. லக்னோ அருகே எழுத்தறியாத பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பித்து மூளையைப் படமெடுத்தது 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. புறணியில் மட்டுமன்றி மூளைத்தண்டு, தலாமஸ் போன்ற ஆழ்பகுதிகளின் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது. அந்தப் பெண்கள் முப்பதுகளில் இருந்தவர்கள். முதியோருக்கு அதை நீட்டிப் பேசுவது சரியாகாது. ஆனாலும் தமிழ்நாட்டுக்கு இதில் ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. 1990-களின் அறிவொளி இயக்கத்தில் நாற்பது வயதில் பெயர் எழுதக் கற்ற பெண்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களையும், அன்று வகுப்புக்கு வராத பக்கத்து வீட்டாரையும் ஒப்பிட்டால் எந்தச் செயலியும் சொல்ல முடியாத ஒன்று தெரியவரும்.

காதும் இரத்தமும்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவத்துக்கான பேண்டேஜ் துணிக்குப் பெயர்பெற்றது. விசைத்தறிச் சத்தத்தில் முப்பது நாற்பது ஆண்டு நின்றவர்களுக்குக் காது மந்தமாகிவிடுகிறது. லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய பதினான்கு அபாயக் காரணிகளில் கேள்வித்திறன் குறைவு ஒன்று. காதில் சரியாக விழாத பெயர் நினைவில் பதிவதே இல்லை. பதியாததை மறந்துவிட்டதாக வீடு நினைக்கிறது.

செவித்துணைக் கருவி கொடுத்தால் தேய்வு குறையுமா? அமெரிக்காவில் 977 பேரிடம் மூன்றாண்டு நடந்த ‘அச்சீவ்’ ஆய்வு (2023) மொத்தத்தில் வேறுபாடு காணவில்லை. ஏற்கெனவே அபாயம் கூடிய முதியோர் பிரிவில் மட்டும் தேய்வின் வேகம் 48 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்தத்துக்கு வந்தால் ஆதாரம் சற்று உறுதி. 9,361 பேரிடம் நடந்த ‘ஸ்பிரிண்ட் மைண்ட்’ ஆய்வில் அழுத்தத்தை 120-க்குக் கீழ் வைத்திருந்தவர்களிடம் தொடக்கநிலை அறிதிறன் குறைபாடு 19 விழுக்காடு குறைந்தது. முழு மறதிநோயில் வேறுபாடு உறுதிப்படவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுவாசலுக்கே கொண்டுவருகிறது. நினைவுப் பாதுகாப்பு என்ற பெயர் அதற்கு இல்லை. செயலிகளைவிட அது செய்யக்கூடியது அதிகம்.

கருத்தைக் கேட்பது

நோய் ஏற்கெனவே தொடங்கியவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. ‘அறிதிறன் தூண்டல் சிகிச்சை’ என்று அதைச் சொல்லலாம். 2003-இல் ஏமி ஸ்பெக்டரின் குழு பிரிட்டனில் 201 பேரிடம் சோதித்து, அறிதிறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் கண்டது. வாரம் இருமுறை, ஏழு வாரம், பதினான்கு அமர்வு. சிறு குழுவாக உட்கார்ந்து உணவு, இளமைக்காலம், பணம், ஒலிகள், நாட்டு நடப்பு எனப் பேசி விளையாடுவது. சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் இதை நம் பண்பாட்டுக்கு ஏற்பத் தகவமைத்து முன்னோட்ட ஆய்வு நடத்தி, 2017-இல் முடிவுகளை வெளியிட்டது. பிறகு பிரேசில், தான்சானியாவோடு சேர்ந்த பன்னாட்டுத் திட்டத்திலும் பங்கேற்றது.

இம்முறையின் உயிர்நாடி ஒரு விதியில் இருக்கிறது: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். ‘இந்த நடிகர் பெயர் என்ன?’ என்றால் தோற்றுப்போக வாய்ப்பு உண்டு. ‘இவர் நடிப்பு உங்களுக்குப் பிடிக்குமா?’ என்றால் தோல்வியே இல்லை. பேச்சு தொடங்கிவிடும், பெயரும் சில வேளை தானே வந்துவிடும். வீட்டில் நல்லெண்ணத்தோடு நடக்கும் ‘நினைவுப் பயிற்சி’ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்கும் தேர்வு முதியவரைக் கூச வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

மீண்டும் மாத்திரை

நோயில்லாத முதியவரின் மாத்திரைச் சிக்கலுக்கு எளிய ஆய்வு ஒன்று உதவும். லின்டா லியூவும் டெனிஸ் பார்க்கும் 2004-இல் வெளியிட்டது. இரத்தச் சர்க்கரையைத் தாமே சோதிக்கும்படி பணிக்கப்பட்ட முதியவர்களில் ஒரு பிரிவினரை, எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து, எதைச் செய்து முடித்த கையோடு சோதிப்போம் என்று முன்கூட்டியே மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வெறுமனே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தவர்களைவிட அவர்கள் மூன்று வாரமும் கணிசமாகக் கூடுதல் முறை சோதனையை நினைவில் வைத்துச் செய்தார்கள். நினைவாற்றல் கூடவில்லை. இதே வழியில் காபி டம்ளரைக் கழுவி வைப்பதோ விளக்கேற்றுவதோ மாத்திரையை எடுத்துக்கொடுக்கும் கோஷ்டியாக மாறக்கூடும்.

இதை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சோதிக்க விரும்புகிறவர் முதலில் அளவுகோலைத் தீர்மானிக்க வேண்டும்: சொற்பட்டியல் மதிப்பெண்ணா, மாதக் கடைசியில் அட்டையில் எஞ்சிய மாத்திரையா? இரண்டாவதே சரி. மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் மாத்திரை கொடுக்க எப்படியும் வீட்டுக்கு வருகிறார். எண்ணுவதும் அவரால் முடியும். ஒப்பீட்டுப் பிரிவினரையும் அதே மந்தையில், அதே நேரம் கூட்டி உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். ஆக்டிவ் ஆய்வு விட்ட ஓட்டை அது. காது கேட்கிறதா என்று பார்த்த பிறகே யாரையும் சேர்க்க வேண்டும். ஐந்தாண்டாவது தொடர வேண்டும். மீள்பயிற்சி இல்லாத பலன் நிலைப்பதில்லை என்று இருபதாண்டுக் கணக்கு காட்டியிருக்கிறது. இத்தனைக்கும் தேவைப்படும் செலவில் பெரும்பகுதி கணினிக்கு ஆகாது, வீடுவீடாகப் போகிறவரின் மாதச் சம்பளத்துக்கு ஆகும்.